ஹக்ஸ்லியும் அறநெறியும்

உயிர்நூல் வல்லார் ஒருவரது சரிதத்தை அறநூல் ஆராய்ச்சியில் வைத்துரைத்தல் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நண்டையும் தவளையையும் அறுத்துப் பார்த்தவர்க்கும், நன்மை தீமை என்னும் நுண்பொருள்கட்கும் யாது தொடர்பு என்று அவர் வினவக்கூடும். ஆயினும், மனிதன் கீழ்ப்பட்ட உயிர்களினின்றும் படிப்படியாகத் தோன்றியவன் என்னும் கொள்கை எழுந்தபொழுதே வேறொரு கேள்வியும் அதனுடன் பிறந்தது. மனிதனது உடல் அவ்வாறு தோன்றியதாயின், அவனுடைய ஒழுக்கமும் அவ்வாறே தோன்றியதோ? அவ்வாறு தோன்றியதாயின், அது நம்மைக் கட்டுப்படுத்துவது யாங்ஙனம்? இக்கேள்வியை நூலறையில் அமர்ந்து எழுப்பினோர் பலர். தம் வாழ்க்கையிலேயே எதிர்கொண்டு விடை தேடினோர் சிலர். அச்சிலருள் ஒருவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. டார்வினுடைய கொள்கைக்காக அவரைப்போல் முன்னின்று வாதாடியவர் அக்கால இங்கிலாந்தில் இலர் எனலாம். அக்கொள்கையினின்றும் அறநெறியைக் கறந்தெடுக்க முயன்றோரை உறுதியாக மறுத்தவரும் அவரே. இவ்விரண்டும் ஒருவரிடத்தே பொருந்தியவாற்றை அவரது வரலாற்றினின்றும் அறியப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

ஹக்ஸ்லி 1825-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஈலிங் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் ஹக்ஸ்லி அவ்வூர்ப் பள்ளியொன்றிற் கணித ஆசிரியராக இருந்தார். மைந்தர் எட்டாம் வயதில் அப்பள்ளியிற் சேர்ந்து இரண்டே ஆண்டுகள் பயின்றார். பின்னர்க் குடும்பம் கவென்ட்ரி நகருக்குக் குடிபெயர்ந்தது. முறையான பள்ளிக்கல்வி அவருக்கு அவ்வளவே வாய்த்தது. எஞ்சியதெல்லாம் அவர் தாமே தேடிக்கொண்டதாகும். பன்னிரண்டு வயதுச் சிறுவராயிருந்தபொழுதே, விடியுமுன் எழுந்து மெழுகுவத்தி ஏற்றி, போர்வையைத் தோளிற் சுற்றிக்கொண்டு, ஹட்டன் என்பாரது நிலநூலைப் படித்தாராம். ஜெர்மன் மொழியை ஆசிரியர் உதவியின்றிக் கற்றார். கார்லைல் எழுதிய நூல்களில் ஆழ்ந்து, பொய்யும் போலியும் மனிதனுக்குப் பெரும்பகை என்னும் எண்ணத்தை இளமையிலேயே உள்ளத்திற் பதித்துக்கொண்டார்.

1841-ஆம் ஆண்டில் அவர் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பயிலும்பொருட்டு, தேம்ஸ் நதிக்கரையில் கப்பல் துறைகளை அடுத்துள்ள ரோதர்ஹைத் பகுதிக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருண்ட சந்துகளில், பசியாலும் நோயாலும் மக்கள் படும் துயரத்தை நாடோறும் நேரிற் கண்டார். நோயாளிக்கு வேண்டியது மருந்தன்று, உணவே என்பதை அறிந்தும், மருந்தையே அளித்து வரவேண்டிய நிலையில் இருந்தார். பிற்காலத்தே வாழ்க்கைப் போராட்டத்தைச் சிலர் புகழ்ந்துரைத்தபொழுது, அப்போராட்டம் நகர்ப்புறத்து ஏழையின் குடிசையில் எவ்வுருக்கொண்டு நிற்கும் என்பதை அவர் மறந்தாரல்லர். ஏட்டுப்படிப்பாற் பெற்ற அறிவன்று அது. பதினாறு வயதிற் கண்ணாற் கண்டது.

அடுத்த ஆண்டு சேரிங் கிராஸ் மருத்துவமனையில் இலவசக் கல்வி பெற்றார். இருபது வயதை எட்டுமளவில், மயிர்க்காலின் உள்ளுறையில் அதுவரை எவரும் காணாத ஓர் அடுக்கைக் கண்டறிந்து 1845-இல் வெளியிட்டார். அவ்வடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவ்வாண்டே இலண்டன் சர்வகலாசாலைத் தேர்வில் உடற்கூற்று நூலில் பொற்பதக்கம் பெற்றார்.

கடற்பயணம்

கல்வி உண்டு, கையிற் பொருளில்லை. எனவே கடற்படையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். 1846-ஆம் ஆண்டு டிசம்பரில், ஓவன் ஸ்டான்லி தலைமையில் ராட்டில்ஸ்னேக் என்னும் கப்பல் ஆஸ்திரேலியாவின் வடகீழ்க் கடலையும் நியூகினித் தீவின் கரையையும் அளந்தறியப் புறப்பட்டது. அக்கப்பலில் ஹக்ஸ்லி நான்காண்டுகள் கழித்தார். இடமும் கருவியும் குறைவு. ஆயினும் கடலில் மிதக்கும் சொறிமீன் முதலிய மெல்லுடல் உயிர்களை வலையிட்டு எடுத்து, அவை கெட்டழியுமுன் ஆராய்ந்து வரைந்தார். அவ்வுயிர்களின் உடல் இரண்டு தோலடுக்குகளால் ஆயதென்றும், அவை முதுகெலும்புடைய உயிர்களின் கருவிற் காணப்படும் முதல் அடுக்குகளை ஒத்தனவென்றும் அவர் எழுதிய கட்டுரை 1849-இல் இராயல் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது.

1847-இல் சிட்னி நகரில் ஹென்றியெட்டா ஹீதார்ன் என்னும் நங்கையைக் கண்டு காதலித்தார். ஆயினும் குடும்பம் நடத்துதற்கேற்ற ஊதியம் வாய்க்கும்வரை மணஞ்செய்தல் இயலாதாயிற்று. 1850-இல் தாயகம் திரும்பினார். 1851-இல் இருபத்தாறாம் வயதிலேயே இராயல் சங்க உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டு அச்சங்கத்தின் பதக்கமும் பெற்றார். புகழ் வந்தது, பொருள் வரவில்லை. 1854-இல் சுரங்கத்தொழிற் கல்லூரியில் ஆசிரியர் பதவி கிடைத்த பின்னரே அவர் நிலை சீர்ப்பட்டது. 1855-இல், எட்டாண்டுகள் காத்திருந்த காதலர் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

ஆக்ஸ்போர்டில் நிகழ்ந்த வாதம்

1859-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் தேதி டார்வின் இயற்றிய உயிரினத் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. உயிர்கள் அளவின்றிப் பெருகுகின்றன. இடமும் உணவும் அளவுடையன. ஆதலால் அவற்றிடையே போராட்டம் நிகழ்கின்றது. ஓரினத்துள்ளே ஒன்றற்கொன்று சிறு வேறுபாடுடைய உயிர்களுள், சூழ்நிலைக்கு இயைந்த வேறுபாடுடையன எஞ்சி மரபினைப் பெருக்குகின்றன. இவ்வாறு நெடுங்காலத்தில் புதிய இனங்கள் தோன்றுகின்றன. இதுவே அந்நூலின் சாரம். ஹக்ஸ்லி இதைப் படித்தவுடன், இத்துணை எளிய கருத்து நமக்குத் தோன்றாதொழிந்ததே என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார். பின்னர் அந்நூலுக்கு அரணாக நின்றார். டார்வினுடைய காவல்நாய் என்று அவரை உலகம் அழைத்தது.

1860-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரிற் கூடிய அறிஞர் பேரவையில், அந்நகரத்து அத்தியட்சர் சாமுவேல் வில்பர்போர்சும் ஹக்ஸ்லியும் இக்கொள்கை பற்றி வாதிட்ட வரலாறு யாவரும் அறிந்ததே. அங்கே எவர் எச்சொற்களைக் கூறினர் என்பதைப் பற்றி, உடனிருந்தோரே ஒருவர்க்கொருவர் வேறுபட உரைத்தனர். ஆதலின் அக்கதையைப் பெரிதும் அழகுபடுத்திச் சொல்லுதல் தகாது. அத்தியட்சரும் கல்வியில் எளியரல்லர். அவர் எழுதிய மதிப்புரை தமது நூலின் ஐயப்பாடுள்ள பகுதிகளைத் திறம்படச் சுட்டியதென டார்வினே ஒப்புக்கொண்டார். ஹக்ஸ்லி அன்று வலியுறுத்தியது ஒன்றே: இயற்கையைப் பற்றிய கேள்வி இயற்கைச் சான்றுகளாலேயே தீர்க்கப்படவேண்டும், ஏளனத்தாலன்று. இதனை நாம் நினைவில் நிறுத்தல் வேண்டும். ஏனெனில், சான்றினால் தீர்க்கத்தக்க கேள்விகள் இவை, தீர்க்கவொண்ணாத கேள்விகள் இவை என்று பகுத்தறிதலே அவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொண்டாகும்.

மைந்தன் மறைவு

அவ்வாதம் நிகழ்ந்து மூன்று திங்கள் நிறைவதற்குள் ஹக்ஸ்லியின் இல்லத்தில் பேரிடி விழுந்தது. அவருடைய தலைமகன் நோயல், நான்கு வயது நிரம்பாத பாலகன், செங்காய்ச்சலால் இரண்டொரு நாளில் மாண்டான். அது 1860-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி. அவருடைய நண்பரும் திருச்சபைக் குருவுமாகிய சார்லஸ் கிங்ஸ்லி ஆறுதல் கூறிக் கடிதம் எழுதினார். அதற்கு ஹக்ஸ்லி எழுதிய நீண்ட மறுமொழி அவரது உள்ளத்தைத் திறந்து காட்டுகின்றது.

ஆன்மா அழியாதது என்பதைத் தாம் மறுக்கவுமில்லை, உடன்படவுமில்லை என்றார் அவர். நம்புதற்குச் சான்று காணவில்லை, மறுத்தற்கும் வழியில்லை. தாம் பெரிதும் விரும்புவது என்பதற்காகவே ஒன்றை மெய்யெனக் கொள்ளுதல் தமக்கு ஒவ்வாது என்றும் எழுதினார். மைந்தனை அடக்கஞ்செய்தபொழுது குருவானவர் வாசித்த திருமறைப் பகுதியில், மரித்தோர் எழுந்திருப்பதில்லையாயின் உண்டு குடித்து வாழ்ந்திருப்போம் என்னும் கருத்துடைய வாக்கியம் வந்தது. அது தம்மைப் புண்படுத்தியதென்று அவர் கூறினார். அன்புக்குரிய ஒன்றை இழந்தமையால் மனிதத் தன்மையையும் இழந்து விலங்காகிவிடவேண்டுமோ? குட்டியை இழந்த குரங்குங்கூடத் துயரிலே அமர்ந்திருக்குமேயன்றி இன்பந்தேடி ஓடாதே என்பது அவர் கருத்து.

பவுலடியார் அவ்வாக்கியத்தைத் தம் கொள்கையாகக் கூறவில்லை என்பதையும், அடுத்த அடியிலேயே அவ்வாறு பேசுவோரைக் கண்டிக்கின்றார் என்பதையும் வேதாகமம் கற்ற நாம் அறிவோம். ஆயினும் மகவை இழந்து கல்லறையருகில் நின்ற தந்தை ஒருவர் அதனைக் கேட்டு வருந்தியதற்கு அவர்மேற் குறைகூறுதல் நமக்கு அழகன்று. அவ்வருத்தத்தினின்றும் பிறந்த கேள்வி உண்மையானது. கைம்மாறு கருதாமலும் அறம் செய்தற்குரியதோ என்பதே அக்கேள்வி. ஆம் என்று அவர் தம் துயரின் நடுவே விடை பகர்ந்தார். விசுவாசிகளாகிய நாமும் நரகத்திற்கு அஞ்சி மட்டும் தீமையை விலக்குவோமாயின், நம் அறமும் வாணிகமே ஆகிவிடும் அன்றோ?

பொதுவாழ்விற் கண்ட அறம்

ஹக்ஸ்லியின் அறக்கொள்கை வெறும் பேச்சாக நின்றதில்லை. 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றபொழுது, அடிமை ஒழிப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நீக்ரோ மக்கள் வெள்ளையர்க்கு அறிவில் நிகராகார் என்று அக்கட்டுரையில் அவர் கூறியது பிழை. அக்காலத்து அறிஞர் பலரைப் பற்றிய அம்மயக்கம் அவரையும் பற்றியிருந்தது. பிற்கால ஆராய்ச்சி அதனை அடியோடு தள்ளிவிட்டது. ஆனால் அவர் கொண்ட முடிபை நோக்குக. ஒருவன் ஆற்றலிற் குறைந்தவனாயினும், அவனை அடிமையாக்க மற்றொருவனுக்கு உரிமையில்லை; அடிமைமுறை ஆண்டானையும் கெடுக்கும் என்று அவர் வாதித்தார். இயற்கையில் உள்ளது ஒன்று, செய்யத்தக்கது வேறொன்று என்னும் பகுப்பு, அவரது பிழையின் நடுவிலும் அவரைக் காத்து நின்றது.

அவ்வாண்டு அக்டோபரில் ஜமேய்க்காத் தீவில் கருநிற மக்கள் செய்த கலகத்தை அடக்கிய கவர்னர் அயர், நானூற்றுக்கு மேற்பட்டோரைக் கொல்வித்தார். ஜார்ஜ் வில்லியம் கார்டன் என்னும் சட்டசபை உறுப்பினரைப் படைச்சட்டத்தின்கீழ்த் தூக்கிலிடுவித்தார். இங்கிலாந்து இருபிளவாயிற்று. கார்லைலும், கிங்ஸ்லியும், ஹக்ஸ்லியின் ஆருயிர் நண்பராகிய டிண்டலும் கவர்னர் பக்கம் நின்றனர். ஜான் ஸ்டுவர்ட் மில் தலைமையில் கவர்னரை நீதிமன்றத்தில் நிறுத்த முயன்ற குழுவில் ஹக்ஸ்லி சேர்ந்தார். டார்வினும் அப்பக்கமே நின்றார். இளமையில் தமக்கு வழிகாட்டிய எழுத்தாளரையும், துயரில் ஆறுதல் கூறிய குருவையும், உடன்பிறப்பனைய தோழரையும் எதிர்த்து நிற்றல் எளிதன்று. வலியோன் மெலியோனைக் கொல்லுதல் உலக வழக்காயினும், அது கொலையே என்பது அவரது துணிபு.

தொழிலாளர்க்கென அவர் 1855 முதல் மிகக் குறைந்த கட்டணத்திற் சொற்பொழிவுகள் ஆற்றிவந்தார். சுண்ணக்கட்டி ஒன்றைக் கையிலெடுத்து, அதனின்றும் உலகின் பழஞ்சரிதத்தை விரித்து 1868-இல் நார்விச் நகரத் தொழிலாளர்க்கு அவர் கூறிய பிரசங்கம் பெயர்பெற்றது. 1869-இல், கடவுளைப் பற்றி அறிந்தேன் என்றும் இல்லையென்றும் துணியாது நிற்கும் தமது நிலையைக் குறிக்க ஒரு புதுச்சொல்லைப் படைத்தார். அச்சொல் உலக மொழிகளில் எல்லாம் புகுந்துவிட்டது. அத்தகையவர், 1870-இல் இலண்டன் பள்ளிக் கழகத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபொழுது, சமயவாதம் கலவாமல் வேதாகமத்தைப் பிள்ளைகள் வாசித்தல் வேண்டும் என்று கூறினார். ஏழையின் உரிமைக்கும் கொடியோர் வீழ்ச்சிக்கும் அத்துணைத் தெளிவாகச் சான்று பகரும் நூல் பிறிதில்லை என்று அவர் கருதினார்.

ஸ்பென்சரின் கொள்கை

இனி, அவர் காலத்தே எழுந்த அறக்கொள்கையைச் சிறிது நோக்குவோம். டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதத் தோற்றம் பற்றிய நூலில், கூடிவாழும் உயிர்களிடத்துள்ள பரிவும் பற்றும், அறிவு வளருங்காலத்து மனச்சாட்சியாக மலரும் என்று எழுதினார். இஃது ஒழுக்க உணர்ச்சி தோன்றிய வரலாறு, ஒழுக்கத்தின் கட்டளையன்று. ஹெர்பர்ட் ஸ்பென்சரோ இதற்கு அப்பாற் சென்றார். தகுதியுடையது எஞ்சும் என்னும் சொற்றொடரை 1864-இல் வழங்கியவர் அவரே. வாழ்வின் நீட்சியையும் நிறைவையும் நோக்கிப் பரிணாமம் செல்கின்றது. ஆதலின் அந்நெறியில் முன்னேறிய ஒழுக்கமே நல்லொழுக்கம் என்று 1879-இல் அவர் வெளியிட்ட அறநூல் கூறிற்று. அரசாங்கம் ஏழைகட்கு உதவிசெய்து இயற்கையின் போக்கைத் தடுத்தலாகாது என்றும் அவர் வாதித்தார். ஸ்பென்சர் கொடியவரல்லர், தனிமனிதர் மனமுவந்து செய்யும் ஈகையை அவர் போற்றினார். ஜமேய்க்கா வழக்கிலும் ஹக்ஸ்லியின் பக்கமே நின்றார். ஆயினும் அவருடைய கொள்கையைச் செல்வர் சிலர் தம் செல்வத்திற்கு அரணாக்கிக்கொண்டனர்.

ஸ்பென்சரும் ஹக்ஸ்லியும் நெடுநாளைய நண்பர். ஆயினும் 1871-இலேயே, கல்வி முதலிய பொதுநலங்களில் அரசு தலையிடலாகாதென்னும் ஸ்பென்சரின் கொள்கையை ஹக்ஸ்லி கண்டித்தார். 1887-ஆம் ஆண்டு நவம்பரில் அவருடைய மகள் மேரியன், ஓவியக்கலையில் வல்லவர், நெடுநாள் மனநோயுற்றுப் பின் நுரையீரற் காய்ச்சலால் இறந்தார். அதற்குச் சில திங்கள் கழித்து வெளிவந்த கட்டுரையில், இயற்கை நல்லதுமன்று, தீயதுமன்று. அறத்திற்குப் புறம்பானது என்றும், அதன் போராட்டத்தைக் கட்டுப்படுத்தத் தொடங்கியபொழுதே சமுதாயம் பிறந்தது என்றும் அவர் எழுதினார். அதனை மறுத்து ருஷ்ய நாட்டுக் குரோபாட்கின், உயிர்களிடையே போரேயன்றி ஒத்துழைப்பும் உண்டு என்று காட்டிப் பல கட்டுரைகள் வரைந்தார். அவை 1902-இல் நூலாயின. குரோபாட்கின் சுட்டிய உண்மைகள் பயனுடையன. ஆனால் எறும்பு ஒத்துழைக்கின்றது என்பதாலேயே நாமும் ஒத்துழைக்கவேண்டும் என்பது பெறப்படுமோ? சிலந்தி தன் துணையையே தின்கின்றதே!

ரோமானிஸ் சொற்பொழிவு

1893-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி, ஹக்ஸ்லி மீண்டும் ஆக்ஸ்போர்டு நகருக்கு வந்தார். முதல் வாதம் நிகழ்ந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. நண்பர் ரோமானிஸ் நிறுவிய சொற்பொழிவு வரிசையில், முதல் ஆண்டிற் பேசியவர் கிளாட்ஸ்டன். இரண்டாம் ஆண்டு ஹக்ஸ்லியின் முறை. அறுபத்தெட்டு வயதிலே, நோயினாற் குரல் தளர்ந்திருந்தது. பரிணாமமும் அறநெறியும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

அவ்வுரையில் அவர் நமது பாரத நாட்டை மறக்கவில்லை. இலங்கையில் அரசாங்க ஊழியராயிருந்து பாலி மொழி கற்ற ரைஸ் டேவிட்ஸ் முதலியோர் நூல்களைப் பயின்று, கன்மக் கொள்கையையும் புத்தரது துறவு நெறியையும் விரித்துரைத்தார். நல்லோர் துன்புறவும் தீயோர் இன்புறவும் காணும் மனிதன், உலகின் நடப்பை நீதியோடு பொருத்த முயன்ற முயற்சியே கன்மக் கொள்கை என்பது அவர் கருத்து. புத்தர் அவ்வுலக நடப்பினின்றும் விடுதலை பெறும் வழியை நாடினார். கிரேக்க நாட்டு ஸ்தோயிக்கரோ இயற்கையோடு இயைந்து வாழ்தலே அறம் என்றனர். ஆயினும் இயற்கை என்று அவர் கொண்டது மனிதனது பகுத்தறிவையே. இவ்வாறு இரு நாட்டு ஞானியரும் உலக இயக்கத்தை ஆராய்ந்து, அதனிடத்தே அறத்தைக் காணாமல் மயங்கினர் என்று அவர் காட்டினார்.

பின்னர்த் தமது மறுப்பினைத் தொடங்கினார். தகுதியுடையது என்பது சிறந்தது எனப் பொருள்படாது. இவ்வுலகம் குளிர்ந்து உறையுமாயின், கற்பாசியும் நுண்ணிய நீர்ப்பாசியுமே எஞ்சும். அவையே அச்சூழ்நிலைக்குத் தகுதியுடையன. வெப்பம் மிகுமாயின் வேறு உயிர்கள் எஞ்சும். சூழ்நிலைக்கேற்ப மாறும் தகுதியை நன்மைக்கு அளவுகோலாக எங்ஙனம் கொள்வது? மேலும், அன்பு இயற்கையில் தோன்றியது என்றால், கொடுமையும் அவ்விடத்தே தோன்றியதே. கொடையாளனும் கொலையாளனும் ஒரே இயற்கையின் மக்கள். இருவருள் எவனைப் பின்பற்றுவது என்பதை இயற்கை கூறாது. ஆதலின் அற முன்னேற்றம் என்பது உலக இயக்கத்தைப் பின்பற்றுதலும் அன்று, அதனைவிட்டு ஓடுதலும் அன்று, அதனோடு பொருதலே. வல்லவர் மட்டும் எஞ்சுதல் அறத்தின் குறிக்கோளன்று. கூடியவரை பலரை வாழத் தகுதியுடையோர் ஆக்குதலே அதன் குறிக்கோள்.

மறு ஆண்டு அவ்வுரைக்கு ஒரு நீண்ட முன்னுரை எழுதினார். அதிலே தோட்டத்தை உவமையாகக் கூறினார். ஈஸ்ட்பர்ன் நகரில் அவர் வீட்டைச் சூழ்ந்த மேட்டுநிலத்திற் புல்லும் முள்ளுமே இயற்கையாக வளர்ந்தன. மதில் எடுத்து, களை பறித்து, நீர் பாய்ச்சிய இடத்தே மலரும் கனியும் செழித்தன. கையை எடுத்தால் மீண்டும் முள்ளே மூடும். மனித சமுதாயமும் அத்தகைய தோட்டமே. ஆயினும் உவமையின் எல்லையையும் அவர் அறிந்திருந்தார். தோட்டக்காரன் நோயுற்ற செடியைப் பிடுங்கி எறிவதுபோல், நலிந்த மனிதரைக் களைந்தெறியலாமோ? ஆகாது என்றார். எவன் தக்கான், எவன் தகான் என்று துணியும் அறிவு எவரிடத்தும் இல்லை. அவ்வாறு களையத் துணிந்தால், சமுதாயத்தைப் பிணிக்கும் பரிவு என்னும் கயிறே அறுந்துபோம். அன்றியும், தன்னைக் காத்துக்கொள்ளும் உணர்ச்சியை முற்றும் ஒழித்துவிட்டால் சமுதாயம் நிலைபெறாது என்பதையும் அவர் மறைத்தாரில்லை. இரண்டிற்கும் எல்லை காணுதலே அறத்தின் அரிய பணி என்றார்.

பின்னோர் கூறியன

இக்கொள்கைக்குத் தடைகள் எழாமலில்லை. மனிதனும் இயற்கையின் பகுதியாயின், அவன் இயற்கையோடு பொருதல் எவ்வாறு என ஸ்பென்சர் முதலியோர் வினவினர். 1898-இல் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ஜான் டூயி, தோட்டக்காரன் இயற்கையை எதிர்ப்பவனல்லன். அதன் ஒரு பகுதியைக்கொண்டு மற்றொரு பகுதியைத் திருத்துகின்றவன் என்றார். இத்தடை வலியுடையதே. அற இயக்கமும் உலக இயக்கத்தின் ஒரு கூறே என்று ஹக்ஸ்லியும் ஒப்புக்கொண்டார். ஆயினும் எப்பகுதியைக் கொண்டு எப்பகுதியைத் திருத்துவது என்னும் கேள்விக்கு விடை இயற்கையில் எழுதப்படவில்லை என்னும் அவரது கூற்று அதனால் அசைவதில்லை. உள்ளதினின்றும் செய்யத்தக்கதை நேரே பெறவொண்ணாது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் ஹியூம் சுட்டியதும், நன்மை என்பதனை இயற்கைப் பொருளொன்றாக வரையறுத்தல் பிழை என்று ஜி. ஈ. மூர் 1903-இல் ஸ்பென்சரை மறுத்ததும் இதனோடு ஒத்தனவே.

ஹக்ஸ்லியின் பேரர் ஜூலியன் ஹக்ஸ்லி, 1943-இல், சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே ரோமானிஸ் வரிசையிற் பேசி, பரிணாமத்தின் போக்கே அறத்திற்கு வழிகாட்டும் என்று பாட்டனாரோடு மாறுபட்டார். 1964-இல் ஹாமில்டன் என்பார், உறவினர்க்காகத் தன்னை இழக்கும் இயல்பு எவ்வாறு மரபில் நிலைபெறும் என்பதைக் கணிதத்தால் விளக்கினார். 1971-இல் டிரிவர்ஸ், உறவில்லாதாரிடையே கைம்மாறு கருதும் உதவி தோன்றும் முறையைக் காட்டினார். 1975-இல் எட்வர்ட் வில்சன், அறநூலைச் சிறிதுகாலம் தத்துவ ஆசிரியர் கையினின்றும் உயிர்நூலார் கைக்கு மாற்றலாம் எனவும் எழுதினார். அன்பு தோன்றிய வரலாற்றை இவர்கள் டார்வினினும் தெளிவாக அறிந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் தாய் தன் மகவை நேசித்தற்குக் காரணம் காட்டியவர், அயலான் மகவையும் நேசிக்கவேண்டும் என்னும் கட்டளைக்குக் காரணம் காட்டினாரல்லர். அறநூலில் பரிணாம ஆராய்ச்சிக்கு உரிய இடம் இதுவே: நம் உள்ளத்தின் சாய்வுகளையும் வலிமையையும் நொய்ம்மையையும் அஃது உணர்த்தும், எச்சாய்வுக்கு இணங்குவது, எதனை அடக்குவது என்று தீர்ப்பளிக்கும் ஆசனம் அதற்குரியதன்று.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. தகாதவரைக் களைதல் இயற்கையின் நெறி என்னும் எண்ணம், 1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்திற் கட்டாயக் கருத்தடைச் சட்டமாக உருவெடுத்தது. 1933-இல் ஜெர்மனியில் அத்தகைய சட்டம் பிறந்தது. பின்னர் அங்கே பிணியாளரையும் ஊனமுற்றோரையும் கொன்றொழிக்கும் அளவிற்கு அது முற்றியது. எவரும் அத்தோட்டக்காரராகத் தகார் என்று ஹக்ஸ்லி 1894-இலேயே எச்சரித்திருந்தார். அவ்வெச்சரிக்கையைச் செவிமடுத்தோர் சிலரே.

முடிவுரை

ஹக்ஸ்லி 1895-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி ஈஸ்ட்பர்ன் நகரில் காலமானார். இலண்டனை அடுத்த பின்ச்லியில், முப்பத்தைந்து ஆண்டுகட்கு முன் மைந்தன் நோயலை வைத்த குடும்பக் கல்லறை நிலத்திலேயே அவரையும் அடக்கஞ்செய்தனர்.

அவர் நம் விசுவாசத்தைப் பகிர்ந்துகொண்டவரல்லர். அறக்கட்டளை எங்கிருந்து வருகின்றது என்னும் கேள்விக்கு அவர் முழுவிடை கூறவுமில்லை. அதனை நாம் நம் திருமறையிற் காண்கின்றோம். ஆயினும் அது எங்கிருந்து வரவில்லை என்பதை அவர் ஐயத்திற்கு இடமின்றி நிறுவினார். வெற்றியே அறம் என்பாரும், எளியோன் அழிதல் இயற்கை விதி என்பாரும், உயிர்நூலைத் தமக்குத் துணையாக அழைக்கக்கூடும். அவ்வுயிர்நூலை அரண்செய்த முதல்வரே அவர்க்குத் துணைவர மறுத்துவிட்டார். சான்றைக் கண்டு அஞ்சாமையும், சான்று நிறுவாததை அதன்மேல் ஏற்றாமையும் ஆகிய இரண்டையும் மாணவராகிய நாம் அவரிடத்திற் கற்றுக்கொள்வோமாக. நமது தோட்டத்திலும் முள் முளைத்தவண்ணமே இருக்கின்றது. கையிற் கருவியெடுக்கும் கடமை நம்முடையது.